வெளிவந்து 20 வருடம் கழித்து விளையாடும் கேம்கள்: குறை கேமிலயா, ஓட்டுற விதத்திலயா?

கோட்டைமுனை:
பழைய கேம் ஒண்டைப் புதுசா எடுத்து விளையாடினவை அதைப் பற்றி இங்க எழுதுங்கோ. "சூப்பர்", "மொக்கை" எண்டு மட்டும் எழுதினா ஒருத்தருக்கும் பிரயோசனமில்லை. எந்த வருடக் கேம், எந்தப் பதிப்பு, என்ன மெஷின், என்ன திருத்தம் போட வேண்டி வந்தது, இண்டைக்கு எது நிலைச்சு நிக்குது, எது நிக்கேல்லை எண்டு எழுதினா நல்லம்.

நான் மொரோவிண்ட் எண்ட, பாத்திரத்தை வளர்த்து விளையாடுற கேமில இருந்து தொடங்குறன். 2002 இல் வந்தது. புதுசா விளையாடுற பத்துப் பேரில எட்டுப் பேர் சொல்லுறது ஒரே முறைப்பாடு: "வாள் எதிரியின்ர உடம்புக்குள்ளால போகுது, ஆனால் அடி படேல்லை." கேம் பழுதில்லை. திரையில வாள் முட்டுறதுக்கும் அடி படுறதுக்கும் அங்க சம்பந்தமே கிடையாது. உள்ளுக்குள்ள பகடை உருளுது. கணக்கு இதுதான்:

ஆயுதத் திறமை + (சுறுசுறுப்பு ÷ 5) + (அதிர்ஷ்டம் ÷ 10). வாற கூட்டுத்தொகையை (0.75 + 0.5 × மிச்சமிருக்கிற தெம்பு ÷ முழுத் தெம்பு) ஆல் பெருக்க வேணும். எதிரிக்கும் இதே மாதிரி, ஆயுதத் திறமையை விட்டிட்டுக் கணக்குப் பார்த்து, அதைக் கழிக்க வேணும். மிஞ்சுறதுதான் அடி படுற சதவீதம்.

ஆயுதத் திறமை 30, சுறுசுறுப்பு 40, அதிர்ஷ்டம் 40 எண்டு வைப்பம். 30 + 8 + 4 = 42. தெம்பு நிறைஞ்சிருந்தா 42 × 1.25 = 52.5. எதிரிக்கும் அதே சுறுசுறுப்பு, அதே அதிர்ஷ்டம், முழுத் தெம்பு எண்டா 12 × 1.25 = 15 கழியும். மிச்சம் 37.5 சதவீதம். ஓடிக் களைச்சுப் போய், தெம்பைக் காட்டுற பச்சைக் கோடு வெறுமையா இருக்கேக்க அடிச்சா 42 × 0.75 = 31.5, அதில 15 போக 16.5 சதவீதம். ஆறு அடிக்கு ஒண்டு. தெரிவு செய்யாத திறமை 5 இல தொடங்கும். அந்த ஆயுதத்தைக் கையில எடுத்தா முழுத் தெம்போடயும் 6 சதவீதம்தான் வரும்.

ஆகவே செய்ய வேண்டியது: சண்டைக்குப் போகேக்க ஓடாதேங்கோ, நடவுங்கோ. பாத்திரம் உருவாக்கேக்க ஒரே ஒரு ஆயுத வகையை முதன்மைத் திறமையாப் போடுங்கோ. ரெட்கார்ட் இனம், நீள்வாள் முதன்மை, சண்டைப் பிரிவு எண்டு எடுத்தா 30 + 15 + 5 = 50 இல தொடங்கலாம். மேல சொன்ன அதே எதிரிக்கு 62.5 சதவீதம் வரும். முதல் ரெண்டு மணித்தியாலம் முழுக்க வேற கேம் மாதிரி இருக்கும். கஷ்ட அளவுக் கோட்டைக் குறைக்கிறதால இந்தச் சதவீதம் மாறாது, சேதத்தின்ர அளவு மட்டும்தான் மாறும்.

நிலைச்சு நிக்கிறது: வழி சொல்லுற முறை. வரைபடத்தில அம்புக்குறி இல்லை. "பாலம் தாண்டி, கவர் விடுற இடத்தில வடக்க திரும்பு" எண்டு ஆள் வாயாலதான் சொல்லும், குறிப்புப் புத்தகத்தில அது ஏறும். ஊரில வழி கேட்டுப் போற மாதிரியே இருக்கும். இதை இப்ப வாற கேம்கள் கைவிட்டது பெரிய இழப்பு எண்டது என்ர உறுதியான அபிப்பிராயம்.

நிக்காதது: ட்ரைபியூனல் விரிவாக்கம் சேர்ந்திருந்தா, முதல் நிலையிலேயே நித்திரை கொள்ளேக்க கொலைகாரன் வந்து நிப்பான். புது ஆளுக்கு அது சாவுதான். அதைப் பிற்போடுற சின்ன மொட் (ரசிகர் எழுதின மாற்றம்) இருக்கு, அதை மட்டும் போடுங்கோ. மற்றும்படி ரசிகர்கள் புதுசா எழுதின ஓபன்எம்டபிள்யூ எஞ்சினில ஓட்டினா, புதுத் திரை அளவு, பழைய முறிவுகள் எல்லாம் சரி. கேமின்ர தரவுக் கோப்புகள் மட்டும் உங்கட சொந்தப் பிரதியில இருந்து வர வேணும்.

பழையவட்டு:
அண்ணை நல்ல இழை. நான் பிளேஸ்டேஷன் 2 (பிஎஸ் 2) பக்கம் எழுதுறன், ஏனெண்டா "இந்தக் கேம் மந்தமா இருக்கு" எண்டு சொல்லுற பாதிப் பேருக்கு மந்தம் கேமில இல்லை, பதிப்பில இருக்கு.

இலங்கை பால் (PAL) எண்ட ரீவி முறை உள்ள நாடு. பால் ரீவி செக்கனுக்கு 50 தரம் படத்தைப் புதுப்பிக்கும். யப்பானிலயும் அமெரிக்காவிலயும் 60. அந்தக் காலத்தில நிறையக் கேம்களை 60க்கு எழுதிப்போட்டு, பாலுக்கு அப்படியே 50 இல ஓட விட்டிட்டாங்கள். 50 ÷ 60 எண்டா ஆறில ஒரு பங்கு வேகம் குறைவு. மேலயும் கீழயும் கறுப்புப் பட்டை வேற. நடை, பாய்ச்சல், அடி எல்லாம் தண்ணிக்குள்ள நடக்கிற மாதிரித் தெரியும். எல்லாக் கேமும் இப்படியில்லை, சிலது பாலுக்கெண்டு ஒழுங்காத் திருத்தி வந்தது. தொடங்கேக்க 50 ஆ 60 ஆ எண்டு கேட்டா கண்ணை மூடிக்கொண்டு 60 ஐப் போடுங்கோ. இப்பத்த ரீவி எல்லாம் 60 ஐ எடுக்கும்.

ரெண்டாவது, யப்பான் மெஷின். பழைய சாமான் கடைகளில யப்பானில இருந்து இறங்கின பிஎஸ் 2 மலிவா வரும். பருத்த மொடல் எண்டா மின்வழங்கி உள்ளுக்குள்ள, அது 100 வோல்ட். எங்கட 230 இல நேராக் குத்தினா அந்த நிமிசமே முடிஞ்சுது. படி இறக்குற ட்ரான்ஸ்போமர் கட்டாயம். மெல்லிசு மொடலில 70000 இல தொடங்கி வந்த வரிசைகளுக்கு அடாப்டர் வெளியில, வெளியீடு 8.5 வோல்ட். அதுக்கு 230 வோல்ட் எடுக்கிற சரியான அடாப்டரை மாத்தினாப் போதும், மெஷினைத் தொடத் தேவையில்லை. வோல்ட் அளவையும் முனைத் திசையையும் லேபிளில பாத்து வாங்குங்கோ. அம்பியர் லேபிளில உள்ளதுக்குக் குறையக் கூடாது, கூடினா ஒண்டும் ஆகாது. 90000 வரிசையில மின்வழங்கி திரும்ப உள்ளுக்குள்ள போயிட்டுது, கவனம்.

திகதி, நேரம் ஒவ்வொரு முறையும் அழிஞ்சு போனால் உள்ள இருக்கிற சிஆர்2032 பட்டறி செத்திருக்கு. வேற பழுது எண்டு யோசிக்க வேண்டாம்.

நிலாவெளி60:
60 போட்டும் எல்ஈடி ரீவியில பட்டனை அமத்தினாப் பிறகு கொஞ்சம் பிந்தித்தான் பாத்திரம் அசையுது. கொன்ட்ரோலர் பழுதா?

பழையவட்டு:
பெரும்பாலும் ரீவிதான். பிஎஸ் 2 அனுப்புறது 480i எண்ட முறை, அதாவது ஒண்டு விட்ட கோடுகள். எல்ஈடி ரீவி அதை ஒண்டாக்கி, பெருப்பிச்சு, அழகுபடுத்தித்தான் காட்டும். அந்த வேலைக்குத்தான் நேரம் போகுது. ரீவி அமைப்பில "கேம்" முறையைப் போடுங்கோ, படம் கூர்மையாக்குறது, அசைவைச் சீராக்குறது எல்லாத்தையும் நிப்பாட்டுங்கோ. மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயரை விட்டிட்டு ஐந்து தலை உள்ள கொம்போனன்ட் வயருக்கு மாறுங்கோ. சில கேமில, முக்கியமா அமெரிக்கப் பதிப்புகளில, தொடங்கேக்க முக்கோணமும் குறுக்கும் சேர்த்து அமத்திப் பிடிச்சா முழுக்கோட்டு 480 வரும். அப்ப ரீவி ஒண்டாக்குற வேலை இல்லாமல் போகும். மூலைக்குள்ள பழைய குழல் ரீவி கிடந்தா அதைவிட நல்லது ஒண்டுமில்லை.

கின்னியாக் கரை:
அஸ்ஸலாமு அலைக்கும் எல்லாருக்கும். ஜிடிஏ சான் அண்ட்ரியாஸைப் பத்தி எழுதாம இந்த இழை முழுசாகாது. பிஎஸ் 2க்கு 2004, பிசிக்கு 2005. இப்ப விளையாடப் போறவங்க பிசியில செய்யிற முதல் பிழை, அமைப்புக்குப் போய், செக்கனுக்கு எத்தனை படம் (பிரேம்) காட்டலாம்னு கட்டுப்படுத்துற பிரேம் லிமிட்டரை ஓஃப் பண்றது. படம் வழுக்கிக்கிட்டுப் போகுதேன்னு சந்தோசப்படுவாங்க. பிறகு நீந்தப் போனா கதாநாயகன் சிஜே நகரவே மாட்டான். இந்தக் கேமின் இயக்கக் கணக்குகள் நிறைய பிரேமோட கட்டிப் போட்டிருக்கு. லிமிட்டர் ஓன்ல இருந்தா 25 பிரேம்தான் வரும், பார்க்கக் கொஞ்சம் வெட்டும், ஆனா கேம் எழுதின மாதிரியே ஓடும்.

சைலன்ட்பெச் என்ற ரசிகர் திருத்தம் கட்டாயம். அது கேமை மாத்தாது, முறிஞ்சதை ஒட்டும். ஒரு உதாரணம் சொல்றேன், இதை யோசிச்சாலே எனக்கு அதிசயமா இருக்கு. விண்டோஸ் 11 இன் 24எச்2 புதுப்பிப்பு வந்த பிறகு கேமில ஸ்கிம்மர் என்ற நீர் விமானத்தைக் காணல்ல. இருபது வருசமா ஒழுங்கா இருந்த விமானம்! காரணம் இதுதான். வாகனப் பட்டியல் கோப்புல ஸ்கிம்மருக்கு மட்டும் சக்கர அளவு எண்களை எழுத மறந்துட்டாங்க, ஏன்னா முந்தின கேமான வைஸ் சிட்டில அது படகுக் கணக்குல இருந்தது. எண் இல்லாத இடத்துல கேம் நினைவகத்துல கிடந்த மிச்சத்தை வாசிச்சிச்சு. அந்த மிச்சம் தற்செயலா பட்டியல்ல அதுக்கு முந்தின வாகனத்தோட எண். அதால ஓடிச்சு. புது விண்டோஸ் அதே நினைவக இடத்தை வேற வேலைக்கு எடுத்ததும் குப்பை எண் வந்து விமானம் தொலைஞ்சுது. பிழை 2004 லயே இருந்திருக்கு, வெளிய வர 20 வருசம் எடுத்திருக்கு. சைலன்ட்பெச் இதையும் சரி பண்ணுது.

மொட் கனக்கப் போடப் போறீங்கன்னா 1.0 பதிப்புக்கு இறக்கிக்கோங்க, அரைவாசி மொட் அதை நம்பித்தான் எழுதியிருக்கு.

ரயில் துரத்துற மிஷன்ல எல்லாரும் தோக்கிற காரணம்: ரயிலுக்குப் பக்கத்துல ஒட்டிக்கிட்டு ஓட்டறாங்க. வலப் பக்கமா நல்லா விலகி, ரயில் கூரை தெரியிற தூரத்துல, ஒரே சீரா ஓட்டுங்க. மோட்டார் சைக்கிள்ல பின்னால இருக்கிற கூட்டாளி பிக் ஸ்மோக் அப்பதான் மேல நிக்கிறவங்களைச் சுடுவான்.

நிலைச்சது: மூணு நகரம், நடுவுல காடு, பாலைவனம், அந்தத் தூர உணர்வு. வரைபடம் இன்றைய கணக்குல சின்னது, ஆனா மூடுபனியும் வளைஞ்சு போற ரோட்டும் அதைப் பெருசாக் காட்டுது. 2021 ல வந்த புதுப்பிச்ச பதிப்புல அந்த மூட்டத்தை எடுத்ததால மலையில நின்னா மூணு நகரமும் ஒண்ணாத் தெரிஞ்சுது, மாயம் கலைஞ்சு போச்சு. பிறகு திருத்தம் விட்டாங்க. நிக்காதது: விமானப் பள்ளி. கீபோர்டோட அதை முடிக்கிறது தண்டனை, அனலொக் குச்சி உள்ள கொன்ட்ரோலர் எடுங்க.

உள்துறைமுகம்:
ஒரு மாற்றுக் கருத்து. மேலே எல்லோரும் திருத்தம், மொட் என்றே எழுதுகிறீர்கள். திருத்திய கேமைப் பற்றிச் சொல்வது 2002 இலோ 2004 இலோ வந்த கேமைப் பற்றிய தீர்ப்பு ஆகுமா? முறிவும் அந்தக் கேமின் பகுதிதானே? ஸ்கிம்மர் பிழை அந்தக் கேமை எழுதியவர்கள் விட்ட பிழை. அதை மறைத்துவிட்டு "நிலைத்து நிற்கிறது" என்று சொல்வது சரியாகப் படவில்லை.

கோட்டைமுனை:
நியாயமான கேள்வி. என்ர கோடு இதுதான்: 2004 இல வாங்கின ஆள் அண்டைக்கு இருந்த மெஷினில என்ன கண்டாரோ அதைத் திருப்பிக் கொண்டு வாற திருத்தம் சரி. அவர் காணாத ஒண்டைச் சேர்க்கிற மொட் முதல் தரம் விளையாடேக்க வேண்டாம். ஸ்கிம்மர் அண்டைக்கு ஓடினது, ஆகவே ஓட வைக்கிறது நியாயம். முகங்களை எல்லாம் புதுசா வரையிறது வேற கதை.

உள்துறைமுகம்:
அந்தக் கோட்டை ஏற்றுக்கொள்கிறேன். மொரோவிண்டில் கொலைகாரனைப் பிற்போடுவது மட்டும் அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கிறது, ஆனாலும் விட்டுவிடலாம்.

அதே அளவுகோலில் டியூஸ் எக்ஸ் என்ற துப்பாக்கிக் கேம் பற்றி. 2000 ஆம் ஆண்டு, முதல் தலைமுறை அன்ரியல் எஞ்சின். பிரேம் எண்ணிக்கை எல்லை மீறினால் கேம் நேரமே வேகமாக ஓடத் தொடங்கும், உரையாடல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். கென்டி என்ற ரசிகர் எழுதிய மாற்றுத் தொடக்கி ஒன்று இருக்கிறது. அதில் திரை அளவையும் பார்வைக் கோணத்தையும் சரிசெய்து, பிரேம் எல்லையை 60 இல் வையுங்கள். 120 ஐத் தாண்ட விடாதீர்கள்.

புதிதாக வருபவர்கள் "துப்பாக்கி நேராகச் சுடாது" என்று கைவிடுவது முதல் தீவிலேயே. மொரோவிண்டின் அதே கதைதான், வேறு உருவத்தில். குறிக்கோடுகள் நாலும் விரிந்து நிற்கும்போது சுட்டால் குண்டு எங்கேயோ போகும். அசையாமல் நின்றால் அவை மெல்ல மெல்ல நெருங்கும்.  நெருங்கிய பிறகு தலைக்கு ஒன்று போதும். ஆகவே ஓடிக்கொண்டு சுடுகிற பழக்கத்தை விட்டுவிட்டு, மறைந்து, காத்திருந்து, ஒரு குண்டு.

தொடக்கத்தில் 5000 திறமைப் புள்ளி தருவார்கள். கைத்துப்பாக்கித் திறமை ஏற்கெனவே ஒரு படி மேலே இருக்கும். நீச்சலில் ஒரு புள்ளியும் போடாதீர்கள். கணினித் திறமை ஒரு படி ஏற்றினால் கதவும் கமராவும் கைக்குள் வரும், இன்னொரு படி ஏற்றினால் காவல் துப்பாக்கியும் வரும். பூட்டுத் திறக்கும் கம்பிகளைக் கண்ட கதவுக்கெல்லாம் செலவழிக்க வேண்டாம். கதவை உற்றுப் பார்த்தால் பூட்டின் வலு எவ்வளவு, கதவின் வலு எவ்வளவு என்று தனித்தனியாகக் காட்டும். கதவு மெலிதென்றால் உடைத்துவிடலாம். கடவுச்சொற்கள் பெரும்பாலும் அதே கட்டடத்தில் யாரோ எழுதிவைத்த மின்னஞ்சலில் இருக்கும், வாசிக்கிறவனுக்குக் கம்பி மிஞ்சும்.

நியூயோர்க் வானத்தில் இரட்டைக் கோபுரங்கள் இல்லாததைப் பார்த்துப் பலர் பலதும் சொல்வார்கள். படக்கோப்புக்கு நினைவகம் போதாமல் வானத்தின் ஒரு பாதியைத் திருப்பிப் போட்டதே காரணம் என்று ஆக்கியவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

சீனக்குடா ரேடார்:
கப்பல் பக்கம் ஒருத்தரும் வரேல்லையே. சைலன்ட் ஹன்டர் 3, 2005. ஜேர்மன் நீர்மூழ்கி. வட்டில வந்த பிரதியை விண்டோஸ் 10, 11 இல போட வேண்டாம். அதில இருக்கிற ஸ்டார்போஸ் எண்ட, கள்ளப் பிரதியைத் தடுக்கிற காவல் ஓடாது. இணையத்தில விக்கிற பிரதியில அது இல்லை. கேம் திரை 1024 × 768 இல கட்டிப் போட்டிருக்கு, அகலத் திரைக்குத் தனித் திருத்தம் வேணும்.

ரெண்டு விசயத்தை முதலே சொல்லுறன், ஏனெண்டா இதால பத்து மணித்தியால விளையாட்டு வீணாப்போகும். ஒண்டு: தண்ணிக்குக் கீழ இருக்கேக்கயும், கப்பல் கூட்டம் கிட்ட நிக்கேக்கயும் சேமிக்காதேங்கோ. அந்தச் சேமிப்பு திறக்காமல் போகலாம். மேல வந்து, சுத்திவர ஒண்டும் இல்லாத கடலில சேமிக்க வேணும். ரெண்டு: நேரத்தை 1024 மடங்கில ஓட விட்டா முறிஞ்சு விழுற சந்தர்ப்பம் கூட. கரைக்குக் கிட்ட 128 அல்லது 256 க்கு இறக்குங்கோ.

இந்தக் கேமின்ர உயிர் கைக்கணக்கு. தன்னியக்கக் குறியை ஓஃப் பண்ணிப்போட்டு விளையாடிப் பாருங்கோ. வழி இதுதான்:

முதல் இலக்கின்ர பாதைக்குச் செங்குத்தா உங்கட மூக்கை வைச்சு நிப்பாட்டுங்கோ. இலக்கு உங்களைத் தாண்டேக்க 1000 மீற்றருக்குள்ள இருக்கிற மாதிரி. பெரிஸ்கோப்பின்ர நடுக்கோட்டை அசைக்காமல் வைச்சு, கப்பலின்ர முன் மூக்கு கோட்டில படேக்க மணிக்கூட்டைத் தொடக்கி, பின் வால் படேக்க நிப்பாட்டுங்கோ. அடையாளப் புத்தகத்தில கப்பலின்ர நீளம் இருக்கும். நீளத்தை மீற்றரில எடுத்து, செக்கனால பிரிச்சு, 1.94 ஆல பெருக்கினா வேகம் நொட்டில. 135 மீற்றர் கப்பல் 33 செக்கன் எடுத்தா 7.9, எட்டு எண்டு எடுங்கோ. அளக்கேக்க நீங்கள் முற்றா நிண்டிருக்க வேணும், ஊர்ந்தாலும் கணக்குப் பிழைக்கும்.

மின்சார டோர்பிடோ 30 நொட், தண்ணியில குமிழிக் கோடு விடாது. 8 ஐ 30 ஆல பிரிச்சு அதின்ர கோணத்தை எடுத்தா 15 பாகை. இடப் பக்கத்தால வாற கப்பலெண்டா பெரிஸ்கோப்பை 345 இல பூட்டுங்கோ. டோர்பிடோ திரும்பாமல் நேரா ஓடுற மாதிரி வழிகாட்டிக் கோணம் பூச்சியம். கப்பலின்ர எந்த இடத்தில அடிக்க வேணுமோ அந்த இடம் கோட்டில வரேக்க விடுங்கோ. தூரம் எவ்வளவு எண்டது இதில முக்கியமே இல்லை, அதுதான் இந்த முறையின்ர அழகு. 300 மீற்றருக்குக் கிட்ட விட்டா மட்டும் வெடிக்காது, டோர்பிடோ உயிர் பெற அவ்வளவு தூரம் ஓட வேணும்.

ஆழம்: காந்த வெடிப்பு எண்டா கப்பலின்ர அடித்தட்டுக்கு ஒரு மீற்றர் கீழ. 8.5 மீற்றர் ஆழக் கப்பலுக்கு 9.5. கடல் குழம்பியிருந்தா காந்தம் முந்தி வெடிக்கும், அப்ப முட்டு வெடிப்புக்கு மாத்தி 3, 4 மீற்றரில விடுங்கோ.

எங்கட துறைமுகத்தில நிண்டு பாக்கிறவைக்கு ஒரு தகவல். 1942 ஏப்ரல் 9 இல யப்பான் விமானங்கள் திருக்கோணமலையில குண்டு போட்டது, அதே நாள் மட்டக்களப்புக் கடலில ஹெர்மீஸ் கப்பலைத் தாட்டது எல்லாருக்கும் தெரியும். மூண்டாம் பாகத்தில அதைத் தேடாதேங்கோ, அதின்ர மையம் அத்திலாந்திக். இந்து சமுத்திரம் வேணுமெண்டா நாலாம் பாகத்துக்கு 2008 இல வந்த ஜேர்மன் நீர்மூழ்கி விரிவாக்கத்தைப் பாருங்கோ. ஆனால் கைக்கணக்கின்ர சுத்தத்துக்கு மூண்டுதான்.

நிலாவெளி60:
கந்தோரில இருந்து கழிச்ச டெல் ஒப்டிபிளெக்ஸ் கணினி, ஐ5-3470, 8 ஜிபி ராம், தனி கிராபிக்ஸ் கார்ட் இல்லை. இதில எது ஓடும்? 2000 ஆம் ஆண்டு அளவுக் கேம்களில சிலது கறுப்புத் திரையோட நிக்குது.

பழையவட்டு:
அதில இருக்கிறது இன்டெல் எச்டி 2500. மேல சொன்ன எல்லாம் ஓடும். கறுப்புத் திரைக்கு டிஜிவூடூ 2 எண்ட மென்பொருளைப் போடுங்கோ. பழைய டைரக்ட்எக்ஸ் அழைப்புகளை 11க்கு மொழிபெயர்க்கும், அதை உங்கட சிப் எடுக்கும். அதுக்குள்ள எம்எஸ் எண்ட கோப்புறை, அதுக்குள்ள எக்ஸ்86. அங்க இருக்கிற டிடிரோ, டி3டிஇம், டி3டி8 மூண்டு டிஎல்எல் கோப்பையும் கேமின்ர எக்ஸ்ஈ இருக்கிற இடத்தில போட்டு, கட்டுப்பாட்டுப் பெட்டியையும் அதுக்குள்ளேயே வைச்சுத் திறந்து, நினைவகத்தை 256 எம்பி எண்டு வைச்சு, நீர்க்குறியை நிப்பாட்டுங்கோ. 64 பிட் கோப்பைப் போட்டா ஒண்டும் நடக்காது, பழைய கேம் எல்லாம் 32 பிட். டிஎக்ஸ்விகே எண்ட இன்னொரு மொழிபெயர்ப்பியை ஆரும் சொன்னா விடுங்கோ, அதுக்கு வல்கன் எண்ட கிராபிக்ஸ் முறை வேணும், 2500க்கு விண்டோஸில அது இல்லை.

கார்ட் வாங்குறதெண்டா ஜிடி 1030 போதும், 30 வாட், தனி மின் வயர் வேண்டாம். சின்னப் பெட்டி ஒப்டிபிளெக்ஸ் எண்டா அரை உயரக் கார்ட்தான் பொருந்தும். பெட்டியில ஜிடிடிஆர்5 எண்டு போட்டிருக்க வேணும். டிடிஆர்4 எண்டு ஒரு 1030 இருக்கு, அதே பெயர், நினைவக வேகம் 48 ஜிபிக்குப் பதிலா 16.8 ஜிபி. விலை கிட்டத்தட்ட ஒண்டு எண்டு ஏமாறாதேங்கோ.

வட்டு வைச்சிருந்தா இன்னொண்டு: 2000க்கும் 2008க்கும் இடையில வந்த நிறையக் கேம் வட்டுகளில சேஃப்டிஸ்க் காவல் இருக்கு. விண்டோஸ் 10 அதின்ர ட்ரைவரை எடுத்துப் போட்டுது. வட்டு நல்லா இருந்தும் கேம் திறக்காது. வட்டைத் தேய்ச்சுப் பிரயோசனமில்லை.

கின்னியாக் கரை:
மேக்ஸ் பேய்ன், 2001, ஒரு வரி: புது விண்டோஸ்ல சத்தமே வராது, அதுக்குத் தனி ஒலித் திருத்தம் இருக்கு. ரைசன் சிப்ல ஜேபெக் கோப்புப் பிழைன்னு சொல்லித் தொடங்காது, அதுக்கும் திருத்தம் இருக்கு. ரெண்டும் போட்டா கேம் இன்னும் முதல் தரம். நல்லா விளையாடினா அதுவே ரகசியமாக் கஷ்டத்தைக் கூட்டும், தடுமாறினா குறைக்கும், அதால எங்கயும் சலிக்காது.

கடல்வெளிச்சம்:
கோட்டைமுனை அண்ணா போட்ட கோட்டுக்கு நல்ல சான்று சைலன்ட் ஹில் 2 என்ற பயக் கேம். முதல் வந்தது 2001, பிஎஸ் 2. அதன் மூடுபனி மெஷினின் பலவீனத்தை மறைக்கப் போட்டது, ஆனால் பயமே அந்தப் பனியில்தான் இருக்கிறது. 2012 இல் வந்த எச்டி தொகுப்பை முற்றுப்பெறாத மூலக்குறியை வைத்துச் செய்தார்கள். பனி மெலிந்தது, ஏரித் தண்ணீர் முடிகிற விளிம்பு வெட்டின மாதிரித் தெரிந்தது. அதை விளையாடிவிட்டு "அப்படி ஒன்றும் பயமில்லையே" என்று சொன்னால் கேமில் பிழையில்லை.

பிசிப் பதிப்பை எடுத்து, ரசிகர்கள் செய்த என்ஹான்ஸ்ட் எடிஷன் திருத்தத்தைப் போடுங்கள். பல கோர் உள்ள சிப்பில் சத்தம் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி அடித்துக் கேம் முறியும் பிழை பிசிப் பதிப்பில் உண்டு, அதுவும் இதில் சரியாகும். வெளிச்சத்தைக் கூட்டாதீர்கள், டோர்ச் வட்டத்துக்கு வெளியே ஒன்றும் தெரியக்கூடாது. பாத்திரம் திரும்புகிற முறை பழையது, அதை அமைப்பில் திசை சார்ந்ததாக மாற்றலாம்.

ஷடோ ஒஃப் த கொலோசஸ், 2005. இது எதிர்ப்பக்கம். பிஎஸ் 2 இல் இந்தக் கேம் மூச்சுத் திணறித்தான் ஓடியது. 30 பிரேமுக்கு எழுதி, பெரிய உருவம் வந்தால் நன்றாக இறங்கிவிடும். கணினியில் பிஎஸ் 2 கேம்களை ஓட்டும் பிசிஎஸ்எக்ஸ்2 என்ற மென்பொருளில், அது போலிசெய்யும் பிஎஸ் 2 சிப்பின் வேகத்தை 180 சதவீதத்துக்கு ஏற்றினால் அந்த இறக்கம் போய்விடும். அன்று வாங்கிய ஆள் காணாததுதான், உள்துறைமுகம் ஐயா கோபிக்கக்கூடும், ஆனால் இது எழுதினவர்கள் விரும்பின வேகம் என்பது என் எண்ணம். இதற்கு உங்கள் கணினியில் ஒற்றைக் கோர் வேகமான சிப் வேண்டும். ஐ5-3470 இல் 100 சதவீதத்திலேயே சில இடங்களில் திணறும். உள் அளவை மூன்று மடங்கு வைத்தால் 1080க்குக் கிட்ட வரும். ஒளிப் படலம் இரட்டையாக விலகித் தெரிந்தால் அரைப் புள்ளி விலகல் என்ற அமைப்பை மாற்றுங்கள். அந்த மென்பொருள் கேட்கும் பயோஸ் (பிஎஸ் 2 இன் உள் மென்பொருள்) உங்கள் சொந்த மெஷினில் இருந்து எடுத்ததாக இருக்க வேண்டும்.

இந்தக் கேமில் ஏறிப் போகிற குதிரை சொல்வழி கேட்பதில்லை என்று எல்லோரும் எழுதுகிறார்கள். கார் ஓட்டுகிற மாதிரிக் குச்சியை விடாமல் திருப்புவதுதான் காரணம். உதைத்துவிட்டு விடுங்கள். ஒடுங்கின பாதையிலும் பாலத்திலும் அது தானே வழி பார்க்கும். 16 உருவங்கள், இடையில் வெறும் நிலம். அந்த வெறுமையை இன்று யாரும் துணிந்து விடமாட்டார்கள்.

உள்துறைமுகம்:
கோபமில்லை. திணறல் நோக்கம் அல்ல என்றால் அதை எடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

நிலாவெளி60:
வட்டை எப்படிப் பாதுகாக்கிறது? மார்கழி மழைக்குப் பிறகு உறைக்குள்ள வெள்ளைப் புள்ளி படருது.

பழையவட்டு:
பூஞ்சணம். கடல் காத்தும் ஈரமும் சேர்ந்தா எங்கட ஊரில அது வரும். ஓடுற தண்ணியில, ஒரு துளி சவர்க்காரத் திரவத்தோட, விரல் நுனியாலக் கழுவி, மெல்லிய துணியால நடுவில இருந்து விளிம்புக்கு நேர்கோட்டில ஒத்தி எடுங்கோ. வட்டமாத் தேய்ச்சா அந்தக் கீறல் தரவு ஓடுற திசையிலயே விழும், வாசிக்காது. சீடி எண்டா படம் அச்சடிச்ச மேல்பக்கம்தான் கூடின கவனம். வெள்ளிப் படலம் அந்த மைக்கு நேர கீழ இருக்கு, அதில கீறினா திருத்த வழியே இல்லை. டிவிடியில படலம் ரெண்டு 0.6 மில்லிமீற்றர் தகட்டுக்கு நடுவில. பிஎஸ் 2 இல அடி நீலமா இருக்கிறது சீடி.

சிலிக்கா பொட்டலம் போட்ட, இறுக்கி மூடுற பிளாஸ்டிக் பெட்டியில நிமித்தி வையுங்கோ. பிறகு கணினியில இம்ஜ்பேர்ன் எண்ட மென்பொருளால, மெதுவான வேகத்தில, பிரதி எடுத்து அதை வைச்சு விளையாடுங்கோ. லேசர் தலைக்கும் ஓய்வு. லேசர் வில்லையைத் துடைக்க 99 சதவீத ஐசோப்ரோபைல், பஞ்சுக் குச்சி, அழுத்தாமல். பாமசியில கிடைக்கிற 70 சதவீதத்தில தண்ணி கூட, காய்ஞ்சாப் பிறகு கறை நிக்கும்.

மழை நாளில கரண்ட் போனா மெமரி கார்ட்டுக்கு ஆபத்து. எழுதிக்கொண்டு இருக்கேக்க நிண்டா, அந்தச் சேமிப்பு மட்டுமில்லை, முழுக் கார்ட்டும் போகலாம். 650 விஏ யூபிஎஸ் ஒண்டு பிஎஸ் 2க்குத் தாராளம். ரெண்டு கார்ட்டில மாறி மாறிச் சேமியுங்கோ.

நிலாவெளி60:
நன்றி. கோட்டைமுனை அண்ணை, மொரோவிண்டில ரெட்கார்ட், நீள்வாள் 50, தெம்பு நிறைஞ்சிருக்கு, நடந்துதான் போறன். முதல் குகையிலேயே பத்துக்கு ஒண்டும் படேல்லை. கணக்கில 62 வர வேணுமே?

கோட்டைமுனை:
கையில என்ன ஆயுதம் தம்பி? தொடக்கத்தில வரிக் கந்தோர் மேசையில குத்தியிருக்கிற இரும்புக் கத்தியா? அது குறுவாள் கணக்கு. நீள்வாள் 50 இருந்தும் அந்தக் கத்திக்கு உங்கட குறுவாள் திறமைதான் பாக்கும். கத்தியை விக்கலாம். அதே ஊரில அரில் எண்டவற்ற கடை இருக்கு, அங்க நீள்வாள் ஒண்டு வாங்கிக்கொண்டு குகைக்குத் திரும்பிப் போங்கோ.